கீரைக்கு விட்ட காற்று

எங்கள் காலண்டர் அச்சகத்தில் காகிதக் கட்டுகளை அடுக்கி வைக்க ஓர் அறை உண்டு. காகிதம் ஈரம் ஏறி நமுத்துவிடவும் கூடாது, காய்ந்து சுருண்டுவிடவும் கூடாது என்று அந்த அறைக்கு மட்டும் ஏசி போட்டிருந்தார்கள். என் மேஜை அதற்கு வெளியே, தகரக் கூரைக்குக் கீழே. தினசரித் தாளில் ராகு காலமும் எமகண்டமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பிழை திருத்துகிறவனுக்கு டேபிள் ஃபேன் போதும் என்பது பெரிய முதலாளியின் கணக்கு. சிவகாசி ரோட்டில் வெயில் எப்படி அடிக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை பிறந்துவிட்டால் புரூஃப் தாள் மேல் என் வேர்வை சொட்டி அமாவாசை அழிந்துபோகும்.

ஆடிப்பெருக்குக்கு மாதிரி காலண்டர் ஆல்பம் போட்டு ஆர்டர் பிடிக்கிற தொழில் இது. ஆர்டர் வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே வந்தது. பெரியவரின் மகன், எங்களுக்குச் சின்ன முதலாளி, கோயம்புத்தூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து காகித அறையைக் காலி செய்யச் சொன்னார். உள்ளே தட்டுத் தட்டாக இரும்பு ஸ்டாண்டுகள் வந்தன. ஒவ்வொரு தட்டிலும் ரோஸ் நிற விளக்கு, தண்ணீர் ஓடும் குழாய். மண்ணே இல்லாமல் லெட்யூஸ் வளர்க்கப் போகிறாராம். மதுரையில் பெரிய ஹோட்டல்களில் பச்சையாகத் தின்கிற இலை அது.

வெயில் சும்மா கொட்டிக் கிடக்கிற ஊரில், அதை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்க்க வேண்டுமென்றால் ரொம்பப் படித்திருக்க வேண்டும் என்று மெஷின் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தேன். கீரைக்கு ஏசி, எனக்கு டேபிள் ஃபேனா என்று எரிச்சல் வேறு. அந்த வாயால்தான் பிறகு அவரிடம் போய், என் வீட்டுக்காரிக்கு அந்த அறையில் ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டேன்.

என் மனைவி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். வெடிமருந்து உராய்ந்து தீப்பிடித்ததில் அவளுக்கு முதுகு முழுக்கவும், கழுத்தும், இரண்டு கைகளும் வெந்துபோயின. பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. தழும்புத் தோலுக்கு வேர்க்காது. வேர்வை வழியாகப் போக வேண்டிய சூடு வெளியே போக வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே நிற்கும். பத்து மணி வெயிலில் கடைக்குப் போய்விட்டு வந்தாலே முகம் மட்டும் ஆறாக வேர்த்து, முதுகு தோசைக்கல்லாகக் கொதிக்கும். மயங்கி விழுவாள். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடி கடைசி வெள்ளியன்று நடந்து போவதாக நேர்ந்திருந்தாள். சாத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்துவிட்டாள், ஷேர் ஆட்டோவில் திருப்பிக் கூட்டி வந்தேன்.

ஆமத்தூரில் எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வாடகை வீடு. அதில் ஏசி வைத்தால் தெருவுக்குத்தான் குளிரும். ஈரத் துண்டை முதுகில் போட்டுக்கொண்டு, அது காயக் காய மறுபடி நனைத்துப் போட்டுக்கொண்டு, பகல் முழுக்கச் சுவர் ஓரமாகக் கிடப்பாள். பேச்சு குறைந்துவிட்டது. நான் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு நாள், "நீங்க போய்ட்டா இந்த வீடும் நானும் மட்டும் வெந்துக்கிட்டுக் கெடக்கோம்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் சின்ன முதலாளியிடம் போனேன்.

அவர் நல்ல மனிதர். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். "அக்காவை வரச் சொல்லுங்கண்ணே" என்று உடனே சொன்னார்.

அந்த அறைக்குள் போன முதல் நாள் அவள் ஒரு வேலையும் செய்யவில்லை என்று நினைக்கிறேன். நடுவில் நின்று கையைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு, ஏசிக் காற்றுக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். புரூஃபை வைத்துவிட்டுக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வேலையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பாஞ்சுத் துண்டில் விதை வைப்பது, நாற்று மாற்றுவது, பழுத்த இலையைக் கிள்ளுவது, இலையை எடை பார்த்துப் பெட்டியில் வைப்பது. சின்ன முதலாளி ஸ்டூல் வாங்கிப் போட்டார். அவள் அதில் உட்காரவில்லை. பட்டாசுக் கம்பெனியில் ஏது ஸ்டூல்? இந்த வட்டாரத்தில் குழாயில் மருந்து செலுத்துவதும், திரி வைப்பதும், தீப்பெட்டி ஒட்டுவதும் எல்லாம் தரையில் சப்பணம் போட்டுத்தான். டிரேயை மடி அருகே இழுத்து வைத்துக்கொண்டு, கடைசி ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். அங்கேதான் குளிர் அதிகம்.

மாலையில் பஸ்ஸில் வரும்போது பேச ஆரம்பித்தாள். என்னைக் கேலி செய்தாள். "ஊருக்கெல்லாம் நல்ல நேரம் பாத்துக் குடுக்கீக, நமக்கு ஒண்ணு பாக்கத் தெரியலையே" என்பாள். கல்யாணமான புதிதில் இருந்த வாய் அது. திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கீரைக்குத்தான் சந்தோஷம் இல்லை. ஓர் அளவுக்கு மேல் வளராமல் நின்றது. இலை வெற்றிலைக் கொழுந்து அளவில் இருக்க, ஹோட்டல்காரர்கள் முகம் சுளித்தார்கள். சின்ன முதலாளி எங்கெங்கோ பேசிவிட்டு வந்து என்னிடம் விளக்கினார். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்திருக்கிறது அவருக்கு.

"வெளிய இருக்கிற செடிக்குக் காத்து வந்துக்கிட்டே இருக்கும்ணே. இங்கன கதவைச் சாத்திப்புட்டோம். உள்ள இருக்கிற கரியமில வாயுவை எல்லாம் இதுக காலையிலயே தின்னு தீத்துருது. அதுக்கப்புறம் வெளிச்சம் இருக்கு, தண்ணி இருக்கு, சாப்பாடு இல்ல."

"நாம விடுற மூச்சுதான அது?"

"அதேதான். அக்கா ஒரு ஆள் விடுற மூச்சு பத்தல."

சோடா கம்பெனிகளுக்கு கேஸ் போடுகிற ஆளிடமிருந்து சிலிண்டர் வந்தது. காலையில் விளக்கு எரிந்ததும் வால்வைக் கையால் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். மெல்லிய டியூப் வழியாகத் தட்டுகளுக்கு இடையே காற்று கசியும். எவ்வளவு கூடியிருக்கிறது என்று காட்டவும் அளவு மீறினால் கத்தவும் ஒரு சின்ன மீட்டரைச் சுவரில் மாட்டினார்.

சிலிண்டரைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இது தீய அணைக்கிற காத்துதான?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பட்டாசுக் கம்பெனி ஆபீஸ் சுவரில் சிவப்பாக ஒரு சிலிண்டர் மாட்டியிருப்பார்களே, அதற்குள் இருப்பதும் இதுதான். அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அன்னைக்கு இது எங்க மருந்து ரூம்ல ஒண்ணு இருந்துருந்தா" என்றாள். மருந்து எரியும்போது இந்தக் காற்று ஒன்றும் செய்யாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் அந்த வாயுவுக்கு அப்படி ஒரு நல்ல பெயர். ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்தபோது அவள் சிலிண்டருக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். நாங்கள் பயப்படுகிற சங்கதிக்கெல்லாம் வாசம் இருக்கும், அல்லது சூடு இருக்கும். கந்தக வாடை லேசாக வந்தாலே தூக்கத்தில் எழுந்து ஓடுகிற ஜனங்கள் நாங்கள். வாசமே இல்லாமல் குளுகுளுவென்று வருவதைப் பார்த்துப் பயப்பட யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

கீரை எழுந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். அடுத்த அறுவடைக்கே இலை உள்ளங்கை அகலம், அதற்கடுத்ததற்கு இரண்டு கை அகலம். மதுரைக்கு லோடு போகத் தொடங்கியது. பெரிய முதலாளிகூட ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "புல்லுதான், ஆனா நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே சமயத்தில்தான் என் மனைவிக்குத் தலைவலி தொடங்கியது. சாயங்காலம் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தால் இறங்கும் வரை தூக்கம். கொண்டுபோன சோறு பாதி திரும்பி வந்தது. கேலிப் பேச்சு நின்றது. ரோஸ் வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை என்று நினைத்து விருதுநகரில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண் நன்றாக இருந்தது. எனக்குத் தெரியாமல் மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறாயா என்று சத்தம் போட்டேன். "தலவலி யாருக்குத்தான் வராது? விடுங்க" என்றாள். எதைச் சொல்லி அந்த அறையை விட்டு எடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாள் என்னைவிட முந்திக் கிளம்பி நிற்பாள்.

விஷயம் வெளிப்பட்டது மீட்டரின் பேட்டரியால். பேட்டரி தீர்ந்து மீட்டர் அணைந்திருந்தது. சின்ன முதலாளி அதைக் கழற்றிப் புதிய பேட்டரி போட்டார். மூடியின் ஸ்குரூ கை தவறிக் கீழே விழவே, மீட்டரைத் தரையில் என் மனைவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்து தேடினார். மீட்டர் கத்தத் தொடங்கியது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். கத்தல் நின்றது. கீழே வைத்தார். கத்தியது. சத்தம் கேட்டு நான் ஜன்னல் பக்கம் போனபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, எந்திரிங்க. வெளிய வாங்க."

"இந்த டிரே மட்டும் முடிச்சுட்டு வாறேன் தம்பி."

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தே வெளியே கூட்டி வந்தார். வால்வை மூடினார், கதவை அகலத் திறந்தார். பிறகு என் மேஜையில் வந்து உட்கார்ந்து சொன்னார். அந்தக் காற்று கனமானது. குளிர்ந்து வேறு வருகிறது. வால்வு கையால் திறப்பது, அதனால் அளவு கூடிப்போயிருக்கிறது. மேல் தட்டுக்கு ஃபேன் சுற்றுகிறது, கீழே சுவர் ஓரத்தில் அசைவே கிடையாது. அங்கே போய்க் குட்டையாகத் தேங்கி நின்றிருக்கிறது.

"மீட்டரை நான் நிக்கிற உசரத்துக்கு மாட்டிருக்கேண்ணே. நம்ம ஊர்ல யாரு நின்னு வேல பாக்கா? இது எனக்குத் தோணலையே."

எனக்கும்தான் தோன்றவில்லை. கோபப்படலாம் என்று பார்த்தால் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை, தட்டிக் கழிக்கவில்லை. எதிரில் அழுகிற மாதிரி இருக்கிற ஒருவரிடம் எப்படிச் சண்டை போடுவது? என் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப நாளைக்கு நான் எங்கன உக்காரதுங்க?"

செய்ய வேண்டியதையெல்லாம் அவர் முறையாகச் செய்தார். அதுதான் எங்களுக்கு வந்த கஷ்டம். தானாகவே திறந்து மூடும் வால்வு கோயம்புத்தூரிலிருந்து வந்தது. கேஸ் ஓடும்போது அறைக்குள் ஒருத்தரும் இருக்கக் கூடாது. காலையில் விளக்கு எரிவதற்கு முன்னால் கதவைத் திறந்துவைத்து அவசரமாக இலையை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். கிள்ளுவது, எடை பார்ப்பது, பேக்கிங் எல்லாம் வெளியே, தகரக் கூரைக்குக் கீழே.

போய்க் கெஞ்சினேன். ஃபேனைக் கூடுதலாகப் போடுங்கள், கேஸைக் குறையுங்கள், அவள் ஒரு ஆள்தானே என்றேன். "ஏற்கெனவே வெந்து பொழச்சவங்கண்ணே. என் ரூம்ல அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார் மூஞ்சியில முழிப்பேன்?" என்றார். விபத்து நடந்த கம்பெனி வாசலில் எத்தனை ஜனம் கூடும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் பயம் நியாயமானது. கேஸை நிறுத்தினால் இலை மறுபடி சிறுத்துவிடும், ஹோட்டல்காரர்கள் பெரிய இலைக்குப் பழகிவிட்டார்கள், அறையையே மூட வேண்டியதுதான் என்றார். அதுவும் உண்மை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. விளக்கையும் கேஸையும் ராத்திரிக்கு மாற்றிவிட்டால் பகலில் அவள் உள்ளே இருக்கலாமே என்றேன். அவர் பழக்கதோஷத்தில் சட்டென்று, "பகல்ல செடி தூங்கும்போது ஏசி யாருக்குண்ணே?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

கத்திரி வெயில் தொடங்கியது. என் டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அது அனலைத்தான் வாரி இறைத்தது. ஈரத் துண்டு மறுபடி தோளுக்கு வந்துவிட்டது. ஒரு மதியம் எடைத் தட்டில் இலையை வைத்தவள் அப்படியே சாய்ந்தாள். தொட்டுப் பார்த்தால் அடுப்படிச் சுவர் மாதிரி உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இவங்களை வெயில் இல்லாத இடமா பாத்து வைங்க" என்றார் டாக்டர். "இந்த ஜில்லால அது எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்க ஆள்தான் இல்லை.

சின்ன முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்தார். இளநீர் வாங்கி வந்தார். "அக்கா கொஞ்ச நாள் வீட்லயே ரெஸ்ட் எடுங்களேன்" என்றார். வீடு என்றால் ஆஸ்பெஸ்டாஸ். அவள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, காலையில சாப்பிடல, அதான்" என்று பொய் சொன்னாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

திரும்பி வந்த வாரத்தில்தான் அவள் அந்தக் கதவைக் கண்டுபிடித்தாள். கீரை அறைக்கு இரும்புத் தகடு அடித்த கதவு. உள்ளே இருக்கிற குளிர் தகட்டில் இறங்கி, வெளிப்பக்கம் சில்லென்று இருக்கும். மதியத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்து நிற்கும். அவள் எடை மெஷினையும் பெட்டிகளையும் அங்கே நகர்த்திக்கொண்டாள். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். வெந்த முதுகு முழுக்கத் தகட்டில் படும்படி உட்கார்ந்துகொண்டு, மடியில் டிரேயை வைத்து இலை கிள்ளினாள். காற்று வெளிக் காற்று. தலைவலி இல்லை. மயக்கம் இல்லை.

கத்திரி முழுக்க அப்படியே ஓடியது. சாயங்காலம் பஸ்ஸில் அவள் முதுகுப்பக்கச் சேலை ஈரமாக இருக்கும். பேச்சு மறுபடி வந்தது. "ஏசி வாங்கித்தரத் துப்பில்ல. நானா ஒரு கதவு பாத்துக்கிட்டேன்" என்றாள். பின் சீட்டில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். இப்படியே ஓடிவிடும் என்று நம்பினேன்.

கரண்டு அதிகமாக இழுக்கிறது, சிலிண்டரும் சொன்ன நாளுக்கு முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவரை அழைத்து வந்து காட்டினார் சின்ன முதலாளி. வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராகக் கதவுக்கு வந்தார். என் மனைவி எழுந்து நகர்ந்து நின்றாள். அவர் தகட்டை விரலால் வழித்து, ஈரத்தைச் சின்ன முதலாளியிடம் காட்டினார். உங்கள் குளிர் முழுக்க இதன் வழியாகத்தான் போகிறது, கேஸும் இந்த இடுக்கில்தான் போகிறது என்றார். எளிய வேலைதான். கதவு முழுக்கக் கனமான தெர்மாக்கோல் ஒட்டி, ஓரத்துக்கு ரப்பர் பட்டை அடித்துவிட்டால் போதும்.

மறுநாள் தெர்மாக்கோல் வந்தது. சின்ன முதலாளியே பசை டப்பாவுடன் நின்றார். "அண்ணே, ஒரு கை பிடிங்க" என்று என்னைக் கூப்பிட்டார். அவள் அங்கே உட்கார்வது பெட்டி எடுக்க வசதிக்காக என்றுதான் அவர் நினைத்திருந்தார். நான் புரூஃப் தாளை வைத்துவிட்டு எழுந்து, சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற என் மனைவி வேண்டாம் என்று தலையை அசைத்தாள். எனக்குப் புரிந்தது. சொன்னால் அவர் இரக்கப்படுவார். இரக்கப்பட்டால் இந்த உடம்போடு ஏன் வருகிறீர்கள் அக்கா என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பெட்டிகளை அவளே ஒதுக்கி எங்களுக்கு வழி செய்து கொடுத்தாள். அவர் தகட்டின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பசை தடவினார். நான் பலகையைத் தூக்கிப் பிடித்தேன். வெள்ளையாக, ஆள் உயரத்துக்கு இருந்தது. கனமே இல்லை.

"எடது பக்கம் கொஞ்சம் ஏத்துங்க. கோணலா இருக்கு பாருங்க" என்றாள் பின்னாலிருந்து.

ஏற்றிப் பிடித்தேன். அவர் அழுத்தி ஒட்டினார். அடுத்த பலகை, அதற்கடுத்தது. ரப்பர் பட்டையை அடித்து முடித்ததும் கதவைச் சாத்திப் பார்த்தார். சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அவள் ஈரத் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு கதவின் பக்கத்தில் வந்தாள். வெள்ளைப் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"ஒண்ணுமே தெரியல" என்றாள். "நல்லாத்தான் ஒட்டியிருக்கீக."